வரப்போரப் புல்லும் ஆக்ட் தோட்டக்காரரும்

தென் பிரான்சில், ஏரோ ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது ஆக்ட். கிரேக்கர்கள் அமைத்த பழைய துறைமுகம். கறுப்பு எரிமலைக்கல்லால் கட்டிய தேவாலயத்துக்குப் பேர்போன ஊர். 1850களில் சில ஆண்டுகள் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லிச் சண்டையிட்டுக்கொண்டார்கள். எஸ்ப்ரி ஃபாப்ர் என்ற உள்ளூர்த் தோட்டக்காரர், வரப்போரம் முளைக்கும் காட்டுப் புல் ஒன்றைத் தன் கையாலேயே கோதுமையாக மாற்றிவிட்டதாகச் சொன்னதுதான் அதற்குக் காரணம்.

அந்தப் புல்லுக்கு அன்றைய பெயர் ஏஜிலாப்ஸ் ஓவாட்டா. இன்றைய நூல்களில் ஏஜிலாப்ஸ் ஜெனிகுலாட்டா. போர்ச்சுகல் முதல் துருக்கி வரை மத்தியதரைக் கரையெங்கும் சாலையோரம், தரிசு, ஆடு மேயும் மேடு என்று எங்கும் காணலாம். முழங்கால் உயரம் வந்தாலே அதிகம். தண்டு அடியில் மடங்கி, பிறகு நிமிர்ந்து எழும்பும். உச்சியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டைக் கதிர். அதில் மூன்று நான்கு சிறுகதிர்கள் மட்டும். உமி தடித்து, முட்டை வடிவில் உப்பியிருக்கும். ஒவ்வோர் உமியின் நுனியிலும் நாலைந்து முரட்டு மீசைகள் விரிந்து நிற்கும்.

காய்ந்ததும் இந்தக் கதிர் அப்படியே முறிந்து விழும். மணி தனியாக உதிராது. மீசைகள் ஆட்டு உரோமத்தில் மாட்டிக்கொள்ள, கதிர் முழுதாக அடுத்த மேட்டுக்குப் போய்ச் சேரும். ஒரே கதிருக்குள் இருக்கும் மணிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. பெரிய மணி முதல் மழைக்கே முளைக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய மணி அடுத்த ஆண்டுவரை உறங்கும். மழை பொய்க்கும் நாட்டில் இது நல்ல ஏற்பாடு. உழவனுக்கு மட்டும் தலைவலி: ஓர் ஆண்டு களை பறித்தால் அடுத்த ஆண்டும் அது வந்து நிற்கும்.

பயிரிட்ட கோதுமையின் குணம் இதற்கு நேர்மாறு. முற்றினாலும் கதிர் முறியாது, அரிவாள் வரும்வரை தண்டிலேயே நிற்கும். களத்தில் போட்டு அடித்தால் மணி உமியைவிட்டுக் கழன்றுவிடும். மனிதன் விதைக்காவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் உறவு சொல்லத் துணியமாட்டார்.

ஆனாலும் துணிந்தவர்கள் முன்பே உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், ஏஜிலாப்ஸ் என்ற பெயரில் ஒரு களையைக் குறிப்பிட்டு, அது பார்லி வயலில் தொல்லை கொடுப்பதாக எழுதினார். கோதுமையே கெட்டுப்போய்க் களையாக மாறிவிடும் என்று உழவர்கள் நம்பியதையும் பதிவு செய்தார். கோதுமை களையாகும் என்றால், களை ஏன் கோதுமையாகக் கூடாது? சிசிலியின் லெயோந்தீனி சமவெளியில் கோதுமை தானாகவே விளைகிறது என்று கி.மு. முதல் நூற்றாண்டில் டியோடோரஸ் எழுதிவைத்தார். அவர் சொன்ன காட்டுக் கோதுமை இந்தக் குட்டைப் புல்தான் என்று பிற்காலத்தில் சிலர் ஊகித்தார்கள். லின்னேயஸ் 1753இல் செடிகளுக்குப் பெயரிட்டு வரிசைப்படுத்தியபோது கோதுமையை ஓர் இனத்திலும், ஏஜிலாப்ஸைத் தனி இனமாக ஐந்து வகைகளோடு இன்னொரு பக்கத்திலும் வைத்தார். பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாமல் செய்தது இன்னொரு புல். தென் பிரான்சில் ஏஜிலாப்ஸ் முளைக்கும் இடங்களில், சற்று உயரமாக, கதிர் சற்று நீண்டு, பாதி கோதுமைச் சாயலில் ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டது. அவிஞ்ஞோனைச் சேர்ந்த ரெக்கியான் அதைத் தனி வகை என்று கருதி, கோதுமை போன்றது என்னும் பொருளில் ஏஜிலாப்ஸ் டிரிட்டிகாய்டிஸ் என்று பெயரிட்டார்.

ஃபாப்ர் இந்தச் செடியை ஆக்டின் வயலோரங்களில் கவனித்தார். அவர் படித்த தாவரவியலாளர் இல்லை, பார்க்கத் தெரிந்தவர். கீழே விழுந்து முளைத்த ஓவாட்டா கதிர் ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தபோது, ஒரே கதிரின் மணிகளிலிருந்து இரண்டு விதமான செடிகள் எழும்பியிருந்தன. ஒன்று அசல் ஓவாட்டா. மற்றது டிரிட்டிகாய்டிஸ். ஒரு தாயின் வயிற்றில் இரண்டு சாதி! பெரிய தாவரத் தோட்டங்களில் உலர்த்திய மாதிரிகளை வைத்து வகை பிரித்துக்கொண்டிருந்த யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. மண்ணைக் கிளறி, முளை எந்தக் கதிரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பவருக்கு மட்டுமே படும்.

1838இல் அவர் டிரிட்டிகாய்டிஸின் மணிகளைச் சேகரித்து விதைத்தார். கிடைத்தவை சொற்பம், அந்தச் செடியின் கதிர்களில் பெரும்பாலும் பதர்தான் இருக்கும். முதல் விளைச்சலும் அப்படியே. ஆனால் அந்தச் சொற்ப மணிகளை அடுத்த ஆண்டு, அதன் மணிகளை அதற்கடுத்த ஆண்டு என்று விடாமல் விதைத்துக்கொண்டே போனார். சுற்றுச்சுவர் உள்ள இடத்தில், கோதுமை வயல்களிலிருந்து விலகி, பல ஆண்டுகள். பிறகு திறந்த வயலில், மற்றவர்கள் கோதுமை விதைப்பதுபோலவே விதைத்து, மேலும் சில ஆண்டுகள். தலைமுறைக்குத் தலைமுறை பதர் குறைந்தது, மீசைகள் குறைந்தன, மணி பருத்தது, தண்டு நிமிர்ந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் வயலில் நின்றதைப் பார்த்தவர்கள் கோதுமை என்றே சொன்னார்கள்.

இதை உலகுக்குக் கொண்டுபோனவர் மோன்ட்பெல்லியேவின் தாவரவியல் பேராசிரியர் ஃபெலிக்ஸ் துய்னால். கத்தரி, உருளைக்கிழங்கு வகையறாக்களைப் பற்றி இளம் வயதிலேயே பெரிய நூல் எழுதி மதிப்புப் பெற்றவர். அவர் முன்னுரையோடு ஃபாப்ரின் கட்டுரை வெளியானது. 1854இல் இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் தன் இதழில் அதை ஆங்கிலத்தில் போட்டது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்த காலம் அது. ஓர் இனம் இன்னோர் இனமாக மாறுமா என்பது சமயமும் அறிவியலும் சேர்ந்து கொதித்த கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு தோட்டக்காரர், மாறும், என் வயலில் வந்து பாருங்கள் என்றார்.

அந்த மாற்றத்துக்கு வேறு விடை கண்டுபிடித்தார் ஒருவர். டொமினிக் அலெக்ஸாந்தர் கோத்ரோன், பிரான்சின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர்களில் ஒருவர். அவர் கேட்டது எளிய கேள்வி: டிரிட்டிகாய்டிஸ் ஏன் எப்போதும் கோதுமை வயலை ஒட்டியே கிடைக்கிறது? கோதுமையே இல்லாத வறண்ட மேடுகளில் ஓவாட்டா ஏராளமாக இருந்தும் அங்கே ஏன் அது தலைகாட்டுவதில்லை? மண்ணும் உழவும் காட்டுப் புல்லை மாற்றுகின்றன என்றால் வயலோரம் மட்டும் என்ன கணக்கு? அவருக்கு மகரந்தம் நினைவுக்கு வந்தது. ஓவாட்டா பூவின் மகரந்தப் பையை நீக்கிவிட்டு, கோதுமையின் மகரந்தத்தைத் தூவினார். 1854இல் முளைத்து எழுந்தது டிரிட்டிகாய்டிஸ். ரெக்கியான் பெயரிட்ட தனி வகை என்று ஒன்று இல்லவே இல்லை; அது ஒரு கலப்பினம்.

ஃபாப்ர் கண்ட இரட்டைச் செடிப் புதிரும் இதில் அவிழ்ந்தது. கதிரில் ஒரு பூவில் மட்டும் பக்கத்து வயலின் மகரந்தம் விழுந்திருக்கும். மற்றவை தம் மகரந்தத்தாலேயே சூல்கொண்டிருக்கும். பன்னிரண்டு ஆண்டு மாற்றத்துக்கும் விடை கிடைத்தது. டிரிட்டிகாய்டிஸின் சொந்த மகரந்தம் பெரும்பாலும் மலடு. இப்படிப்பட்ட பூக்கள் சூல்கொள்ளாமல் வாய் திறந்தபடி நெடுநேரம் நிற்கும். காற்றில் வருவது கோதுமை மகரந்தம் என்றால் அதையே ஏற்கும். ஆகவே வயலோரத்தில் ஃபாப்ர் பொறுக்கிய மணிகளுக்குள் ஏற்கெனவே இரண்டாம் முறை கோதுமை புகுந்திருந்தது. அவர் சுவர் வைத்து விதைத்தது அதன் பிறகு. சுவர் ஆட்டைத் தடுக்கும். விதைக்குள் குடிபுகுந்துவிட்ட மகரந்தத்தை அது என்ன செய்யும்? கோத்ரோன் டிரிட்டிகாய்டிஸின் மீது மறுபடியும் கோதுமை மகரந்தத்தைத் தூவி, ஃபாப்ரின் ‘கோதுமை’யைப் போன்ற செடியையே தன் தோட்டத்தில் உண்டாக்கிக் காட்டினார்.

லியோனின் அலெக்சி ஜோர்தானுக்கு இரண்டு விளக்கமும் பிடிக்கவில்லை. இனங்கள் படைத்தபடியே நிலைத்திருப்பவை, மாறவும் மாட்டா, கலந்து புதிதாகவும் பிறக்கமாட்டா என்பது அவர் உறுதி. அந்த உறுதியின் பேரில் ஒரு சின்னஞ்சிறு பூச்செடியை மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்ட தனி இனங்களாகப் பிரித்தவர். ஃபாப்ரின் செடிக்கும் ஏஜிலாப்ஸ் ஸ்பெல்டிஃபார்மிஸ் என்று பெயர் சூட்டி, இது கோதுமையும் அல்ல, கலப்பும் அல்ல, தொன்றுதொட்டு இருந்துவரும் ஓர் இனம் என்றார். காட்டில் அதை யாரும் கண்டதில்லையே என்றபோதும் அவர் அசையவில்லை.

சில ஆண்டுகளில் கோத்ரோன் வென்றார். ஃபாப்ர், ஏமாந்த தோட்டக்காரர் என்ற அடிக்குறிப்பில் சுருங்கினார். அது அநியாயம். உழவால் மாறியது என்று அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் அவர் காட்டிய நிகழ்ச்சி உண்மை, அதன் கனமும் பெரிது. லின்னேயஸ் வெவ்வேறு இனங்களில் அடைத்த இரண்டு புற்கள் வயல்வெளியில், யார் தயவும் இல்லாமல், கலந்து பிள்ளை பெறுகின்றன. அந்தப் பிள்ளையின் வழியில் வளமான பயிரும் வருகிறது. கோதுமை எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல துப்பு கிடைத்திருக்காது. அதைக் கையில் எடுக்க ஆள் வர எழுபது ஆண்டுகள் ஆயின.

1921இல் ரெடிங்கின் ஜான் பெர்சிவல், கோதுமைச் செடியைப் பற்றி எழுதிய பெருநூலில், ரொட்டிக் கோதுமை என்பது எம்மர் கோதுமையும் ஏதோ ஓர் ஏஜிலாப்ஸும் கலந்து பிறந்ததாக இருக்கலாம் என்றார். ஓவாட்டா, சிலிண்ட்ரிகா என்று அவர் கைகாட்டிய வகைகள் சரியில்லை. கைகாட்டிய திசை சரி. அதற்குச் சற்று முன், 1918இல், ஜப்பானின் சகாமுரா கோதுமை வகைகளின் குரோமோசோம்களைச் சரியாக எண்ணியிருந்தார்: சிலவற்றில் 14, எம்மர் கூட்டத்தில் 28, ரொட்டிக் கோதுமையில் 42. ஏழேழு ஜோடிகளாக மூன்று தொகுதிகள் அடுக்கியதுபோன்ற கணக்கு. மூன்றாவது தொகுதி யாருடையது?

விடை 1944இல் வந்தது, அதுவும் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகளிலிருந்து. கியோட்டோவில் ஹிதோஷி கிஹாரா, எம்மரில் இல்லாமல் ரொட்டிக் கோதுமைக் கூட்டத்தில் மட்டும் உள்ள குணங்களைப் பட்டியலிட்டு, அவை மொத்தமும் எந்தக் காட்டுப் புல்லில் இருக்கின்றன என்று தேடி, ஏஜிலாப்ஸ் ஸ்குவரோசாவில் வந்து நின்றார். அமெரிக்காவில் எட்கர் மெக்ஃபேடனும் எர்னஸ்ட் சியர்ஸும் அதே புல்லைக் காட்டு எம்மரோடு கலந்தார்கள். பிறந்த கலப்பினத்தின் குரோமோசோம்களைக் கோல்ச்சிசின் மருந்தால் இரட்டிப்பாக்கினார்கள். கிடைத்தது 42 குரோமோசோம்களுடன், வளமாக விதை வைக்கும், ஸ்பெல்ட் கோதுமையை உரித்துவைத்த செடி. இயற்கை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஸ்பியன் கடலை ஒட்டிய வயல்களில் தற்செயலாகச் செய்ததை, அவர்கள் பூந்தொட்டியில் செய்து காட்டினார்கள். போர் முடிந்து, 1955இல் கிஹாரா ஒரு குழுவோடு ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் போய் அந்தப் புல்லை அதன் சொந்த மண்ணிலேயே சேகரித்தார்.

ஏஜிலாப்ஸ் டவுஷி என்று இன்று அழைக்கப்படும் இந்தப் புல் தந்தது மூன்றாவதாகிய டி தொகுதி. இரண்டாவதாகிய பி தொகுதியைத் தந்தது ஏஜிலாப்ஸ் ஸ்பெல்டாய்டிஸுக்கு நெருங்கிய உறவான ஒரு புல். அது மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்த கலப்பு. ஆக, ரொட்டிக் கோதுமையின் மூன்றில் இரண்டு பங்கு ஏஜிலாப்ஸ் கூட்டத்துச் சொத்து. பிசைந்த மாவு இழுபட்டு நீள்வதிலும், புளித்த மாவு உப்பி நிற்பதிலும் டி தொகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. நீலகிரியில் விளைந்துவரும் சம்பா கோதுமை எம்மர் வகை. அதில் டி கிடையாது, பி உண்டு. சம்பா ரவை உப்புமா சாப்பிடுகிறவரும் ஏஜிலாப்ஸ் உறவிலிருந்து தப்பவில்லை.

உறவு தெரிந்ததும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணமும் வந்தது. கோதுமைக்குப் பெரும் பகை துரு நோய். மிசூரியின் கொலம்பியாவில் இருந்த சியர்ஸ், மத்தியதரைக் கிழக்கில் வளரும் ஏஜிலாப்ஸ் அம்பெல்லுலாட்டாவில் இலைத் துருவைத் தாங்கும் குணத்தைக் கண்டார். முழு குரோமோசோமும் வந்தால் காட்டுக் குணங்களும் சேர்ந்து வந்துவிடும். வேண்டியது ஒரு துண்டுதான். பூக்கும் முன் செடிமீது எக்ஸ் கதிர் பாய்ச்சி குரோமோசோம்களை உடைத்தார், அந்த மகரந்தத்தைக் கோதுமைக்குப் போட்டார், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளைச் சலித்தார். துண்டு சரியான இடத்தில் ஒட்டி, கெட்ட குணம் ஏதும் ஒட்டாத ஒரு செடி அகப்பட்டது. 1956இல் அறிவித்த அந்தக் கோதுமைக்கு ‘டிரான்ஸ்ஃபர்’ என்றே பெயர். அந்த மரபணுவைத் தாங்கிய ரகங்கள் அமெரிக்க வயல்களில் பரவிய சில ஆண்டுகளிலேயே துருப் பூஞ்சையும் அதை மீறக் கற்றுக்கொண்டது. ஒரு துண்டை நம்பி உட்கார முடியாது என்பது தெரிந்தது.

இந்தக் கதை நம் மலைகளையும் தொடுகிறது. இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சை பிழைக்காது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது எங்கிருந்து வருகிறது என்று ஆக்ராவின் கே.சி. மேத்தா பல ஆண்டுகள் ஆராய்ந்து, மலைகளில் ஒதுங்கியிருந்து காற்றோடு இறங்குகிறது என்று காட்டினார். தெற்கே அப்படி ஒதுங்கும் இடங்கள் நீலகிரியும் பழனி மலையும். ஆண்டு முழுவதும் குளிர். ஆண்டு முழுவதும் கோதுமை வளரும். துருவும் ஆண்டு முழுவதும் இருக்கும். உழவருக்குக் கேடான இந்த நிலை ஆய்வாளருக்கு வசதி. குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிலையத்தில், ஏஜிலாப்ஸ் வழிவந்த மரபணுக்கள் உட்பட பல காட்டு உறவுகளின் துரு எதிர்ப்பு இந்தியக் கோதுமை ரகங்களில் ஏற்றப்பட்டது. துருவை அங்கே செயற்கையாகப் பரப்ப வேண்டிய தேவை அதிகம் இருப்பதில்லை, காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

மேற்கு மத்தியதரைக் கரையின் ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசாவின் பயணம் இன்னும் விசித்திரம். 1960களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைக் கோதுமையோடு சேர்த்தது தண்டின் அடியைத் தாக்கி விழவைக்கும் ஒரு பூஞ்சை நோய்க்காக. விபிஎம்1 என்ற அந்த வழித்தோன்றலோடு 2என்எஸ் என்ற குரோமோசோம் துண்டும் கூடவே வந்தது. அதில் மூன்று வகைத் துருவுக்கும் எதிர்ப்பு இருந்ததால் உலகெங்கும் கோதுமை ஆய்வாளர்கள் அதை வாங்கிப் பயன்படுத்தினார்கள். 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமையைக் குலை நோய் தாக்கியது. கதிர் வெளுத்துப் பதராகும். நெல்லில் நாம் அறிந்த குலை நோயின் உறவுக்காரப் பூஞ்சை அது. 2016 பிப்ரவரியில் அது வங்கதேசத்தில் இறங்கி, சுமார் 15,000 ஹெக்டேர் வயலைப் பாழாக்கியது. எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில், முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை விதைக்கவே தடை வந்தது. தேடிப் பார்த்தபோது, ஓரளவு தாக்குப்பிடித்த ரகங்களில் இருந்தது அந்தப் பழைய பிரெஞ்சுத் துண்டு. குலை நோயை மனத்தில் வைத்து யாரும் அதைக் கொண்டுவரவில்லை. மறு ஆண்டே வங்கதேசம் 2என்எஸ் உள்ள ‘பாரி கோம் 33’ ரகத்தை வெளியிட்டது.

புல்லிலிருந்து கோதுமைக்கு வழி திறந்தால், கோதுமையிலிருந்து புல்லுக்கும் திறந்துதான் இருக்கும். பெர்சிவல் தவறாகக் கைகாட்டிய ஏஜிலாப்ஸ் சிலிண்ட்ரிகா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யாவிலிருந்து வந்த கோதுமை விதையோடு கலந்து அமெரிக்காவுக்குள் நுழைந்தது என்று கருதுகிறார்கள். மேற்கு மாநிலங்களில் அது இன்று பெரும் களை. கோதுமையைப்போலவே இலையுதிர்காலத்தில் முளைத்து, கோதுமையோடு முற்றுகிறது. டி தொகுதி இரண்டுக்கும் பொது என்பதால் கோதுமையைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்லும் மருந்து இல்லாமல் இருந்தது. இமாசமாக்ஸ் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் கோதுமை 2000களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தபோது உழவர்கள் நிம்மதி அடைந்தார்கள். மரபணு மாற்றுப் பயிர் அல்ல, விதையில் தேர்ந்தெடுத்த திடீர்மாற்றம், விற்கவும் தடையில்லை.

ஆனால் ஆரிகன் மாநில வயலோரங்களில் கோதுமைக்கும் சிலிண்ட்ரிகாவுக்கும் நடுவான சாயலில் செடிகள் நின்றன. ஃபாப்ர் பார்த்ததைப்போலவே உயரம், அதேபோல் பதர் நிறைந்த கதிர், அதற்குள் எப்போதோ ஒரு மணி. ஆய்வாளர்கள் அந்த மணிகளைச் சேகரித்து விதைத்து, முளைத்தவற்றின் மேல் இமாசமாக்ஸ் தெளித்தார்கள். சில செடிகள் சாகவில்லை. கோதுமையின் எதிர்ப்பு மரபணு அவற்றுக்குள் ஏறியிருந்தது. அந்தக் கோதுமையை ஒரே நிலத்தில் அடுத்தடுத்த ஆண்டு விதைக்காதீர்கள், வரப்பிலும் வாய்க்காலோரத்திலும் அந்தப் புல்லைப் பூக்கவிடாதீர்கள் என்று உழவர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள்.